தாளம் கற்ற கதை: எமது கல்லூரியின் கிற்றார்க் குழு (1992 – 1998)

நூற்றாண்டு காணும் எமது பழைய மாணவிகள் சங்கத்தின் மலருக்குப் பாடசாலையின் இசை வரலாற்றில் ஒரு பகுதியை எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபோது, நாம் முதலில் பழைய மலர்களைத் தேடி எடுத்தோம். கர்நாடக சங்கீதம் பற்றி அவற்றில் பல பக்கங்கள் உண்டு. கொயர் பற்றியும் உண்டு. ஓகன் வாசித்தவர்களின் பெயர்கள்கூட ஆண்டு வரிசையில் அச்சாகியுள்ளன. கிற்றார்க் குழு பற்றி அகப்பட்டது ஒரேயொரு வரி. தொண்ணூறுகளில் சில மாணவிகள் கிற்றாரும் பயின்றார்கள் என்பதே அந்த வரியின் சாரம்.

அந்தச் சில மாணவிகள் நாம்தான். மொத்தம் ஏழு பேர். எம்மில் ஒருவர் இன்று மருத்துவர். எழுதும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. மற்ற அறுவரும் தொலைபேசி வழியாக நினைவுகளைத் தந்தும், எழுதியதில் பிழை பிடித்தும் உதவினார்கள். ஆகவே இக்கட்டுரையில் "நாம்" என்று வருமிடமெல்லாம் அது ஏழு பேருடைய குரல்.

நாம் எந்தப் போட்டியிலும் பரிசு பெற்றவர்கள் அல்லர். எம்முள் எவரும் இசைக் கலைஞராக வரவும் இல்லை. ஆனாலும் கிற்றார் பழகுவதில் விரல் நோவைவிடப் பெரிய சிரமம் ஒன்று உண்டு. அது தாளத்தில் நிற்பது. அதை நாம் எப்படிக் கற்றோம், யாரிடம் கற்றோம் என்பது பாடசாலை வரலாற்றில் இருக்கவேண்டிய செய்தி என்று நம்புகிறோம். அதோடு, முப்பது வருடங்களாகத் தீர்க்காத ஒரு கடனும் எமக்கு உண்டு.

கிற்றார் வந்த வழி

கிற்றார் எமது மண்ணுக்கு நேற்று வந்த கருவியல்ல. அதன் உறவுக் கருவிகள் போர்த்துக்கேயரோடு இந்தத் தீவுக்கு வந்தன. அவர்கள் 1505 இல் இங்கு கால் வைத்தனர். 1619 இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றினர். 1658 இல் ஒல்லாந்தரிடம் அதனை இழந்தனர். ஆட்சி போனாலும் நரம்புக் கருவியோடு கூடிப் பாடி ஆடும் வழக்கம் போகவில்லை. மட்டக்களப்பில் வாழும் பறங்கியர் சமூகத்தினர் கப்றிஞ்ஞா ஆட்டத்தையும் பாட்டையும் இன்றும் பேணி வருகிறார்கள். "பைலா" என்ற சொல்லும் ஆடுதல் என்ற பொருளுடைய போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்ததே. 1940களில் வொலி பஸ்ரியன் அதனைச் சிங்கள மேடைக்குக் கொண்டுவந்தார். எழுபதுகளில் தமிழில் பொப்பிசை அலை எழுந்தது. நித்தி கனகரத்தினத்தின் "சின்ன மாமியே"யையும் ஏ. ஈ. மனோகரனின் "சுராங்கனி"யையும் சுற்றுலா பஸ்ஸில் பாடாத பழைய மாணவி இருக்கமாட்டார்.

இன்னொரு வழி கோயில் வழி. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பின்னர் கத்தோலிக்க வழிபாட்டில் மக்களுடைய மொழி இடம்பிடித்தது. அதைத் தொடர்ந்து மக்களுடைய கருவிகளும் நுழைந்தன. ஓகன் இல்லாத சிறிய தேவாலயங்களிலும் ஞாயிறு பூசைக்கு ஒரு கிற்றார் இருந்தது.

இந்த இரண்டு வழிகளிலும் ஒரு பொதுமை இருப்பதைப் பின்னாளில்தான் கவனித்தோம். இரண்டிலும் கிற்றார் தனியாக வாசிக்கப்படவில்லை. பலர் பாட, பலர் கை தட்ட, அவர்களைத் தாங்குவதற்காக வாசிக்கப்பட்டது. பைலாவின் தாளம் ஆறு எண்ணிக்கை கொண்டது. மூன்று மூன்றாகப் பிரிந்து கால் இரண்டு தரம் விழும். அதை எவரும் எமக்குக் கரும்பலகையில் எழுதிக் கற்பிக்கவில்லை. பஸ் இருக்கையின் முதுகில் தட்டித் தட்டியே அது எம் உடலில் ஊறியிருந்தது.

மூன்று கிற்றார், ஏழு பேர்

1992 இல் நாம் எட்டாம் வகுப்பில் இருந்தோம். 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் தொடங்கிய பிறகு குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். இரவில் ஜாம் போத்தல் விளக்கு. வானொலி கேட்பதென்றால் ஒருவர் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைச் சுற்ற, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் மற்றவர்கள் கேட்க வேண்டும். சுற்றுகிறவரின் கை களைத்தால் செய்தியும் களைத்துப் போகும்.

அந்தக் காலத்தில்தான் எமது சங்கீத அறைக்கு மூன்று கிற்றார்கள் வந்து சேர்ந்தன. ஒன்று, வெளிநாடு போன ஒரு பழைய மாணவியின் குடும்பத்தினர் விட்டுச் சென்றது. இன்னொன்று தேவாலயத்தில் பழுதாகிக் கிடந்தது. மூன்றாவது, எமக்குக் கற்பித்த ரீச்சருடையது. அவர் கிற்றார் ஆசிரியை அல்லர்; கொயருக்குப் பொறுப்பாக இருந்தவர். எழுபதுகளின் பொப்பிசைக் காலத்தில், ஆசிரிய கலாசாலையில் படித்தபோது தானாகவே பழகியவர். தனக்கு ஒன்பது கோட் தெரியும், அந்த ஒன்பதும் போதும் என்பார்.

தந்தி அறுந்தால் புதுத் தந்தி கிடைப்பது அருமை. சைக்கிள் பிரேக் வயரிலிருந்து ஒரு இழையைப் பிரித்துக் கட்டியிருக்கிறோம். அது முறுக்கு விட்டுப்போகாமல் நெளிந்து நிற்கும். சுருதி கால் மணித்தியாலம்கூட நிற்காது. அறையில் மரப்பெட்டி வடிவான ஒரு பழைய மெற்றனோமும் இருந்தது. அதன் சுருள்வில் உடைந்திருந்தபடியால் அது அலுமாரியின் மேல் அலங்காரமாக நின்றது. இசைநாடா கேட்டுப் பழகலாமென்றால் பற்றரி இல்லை. எனவே எமது தாளத்தை ஒப்பிட்டுப் பார்க்க ஒருவருக்கு மற்றவரைத் தவிர வேறு ஆதாரம் இருக்கவில்லை.

கிற்றார் மூன்று, ஆட்கள் ஏழு. ஆகவே மூவர் வாசிக்கும்போது நால்வர் பாடவோ வாங்கில் தட்டவோ வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கை மாறும். வறுமையினால் வந்த இந்த ஏற்பாடே எமக்குக் கிடைத்த மிகச் சிறந்த பாடத்திட்டம் என்பதை அப்போது நாம் அறியவில்லை.

கை தாளம் போட முடியாத கருவி

எம்மில் ஐந்து பேர் வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைகளுக்குத் தோற்றியவர்கள். ஆதி தாளம் தெரியும்: ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை, பின்னர் தட்டு, வீச்சு, மீண்டும் தட்டு, வீச்சு, மொத்தம் எட்டு. கை தொடையில் விழும்போது தாளம் கண்ணுக்கும் தெரிகிறது. பிழைத்தால் கை சொல்லிவிடும்.

கிற்றாரில் இரண்டு கைகளுக்கும் வேலை இருக்கிறது. இடது கை தந்திகளை அழுத்த, வலது கை வீசவேண்டும். தாளம் போடக் கை மிஞ்சாது. முதல் மூன்று மாதமும் எமக்கு நேர்ந்த கதை இதுதான்: ஜி கோட்டிலிருந்து சி கோட்டுக்கு மாறும்போது இடது கை தடுமாறும், அது போய்ச் சேரும் வரை வலது கை காத்துநிற்கும், சேர்ந்ததும் மீண்டும் வீசத் தொடங்கும். நாலு எண்ணிக்கை கொண்ட இடத்தில் ஐந்தும் ஐந்தரையும் வந்துவிடும். ஆனால் வாசிக்கிறவருக்கு அது தெரியாது. தனியே வீட்டில் பழகும்போது எல்லாம் சரியாகத்தான் கேட்கும். ஏனென்றால் நாம் தடுமாறும்போது எமது எண்ணிக்கையும் எம்மோடு சேர்ந்து நின்றுவிடுகிறது.

மூவர் சேர்ந்து வாசித்த முதல் நாளே இந்த உண்மை வெளிப்பட்டது. ஒருவர் சி கோட்டில் நிற்க, ஒருவர் ஜியில் நிற்க, மூன்றாமவர் தந்தியைத் தேடிக்கொண்டிருந்தார். நாம் எல்லோரும் நிறுத்திவிட்டுச் சிரித்தோம். ரீச்சர் சிரிக்கவில்லை.

"ஏன் நிப்பாட்டினனீங்கள்? ஓடுற பஸ்ஸை மறிக்காதையுங்கோ பிள்ளையள். விட்டால் விட்டதுதான். அடுத்த ஒண்டிலை ஏறுங்கோ."

அப்போது மண்ணெண்ணெயில் ஓடிய மினிபஸ்கள் முழுவதுமாக நிற்காது. நிறுத்தினால் மீண்டும் இயக்குவது பெரும்பாடு. ஓடி ஏறிப் பழகிய எமக்கு அந்த உவமை உடனே விளங்கியது. எண்ணிக்கையில் "ஒன்று" என்பது ஒவ்வொரு சுற்றிலும் திரும்ப வரும். இரண்டிலும் மூன்றிலும் தவறியவர் நாலில் அவசரப்பட வேண்டியதில்லை. பேசாமல் இருந்து ஒன்றில் ஏறினால் போதும். "ஒண்டிலை ஏறு" என்பது எமது குழுவின் சொல்லாயிற்று. கணக்குப் பரீட்சையில் புள்ளி குறைந்தவருக்கும் அதைத்தான் சொன்னோம்.

இதோடு ரீச்சர் மூன்று பழக்கங்களை வற்புறுத்தினார். இன்று பழகும் மாணவிகளுக்கும் பயன்படும் என்பதால் எழுதிவைக்கிறோம்.

முதலாவது, வலது கை நிற்கக்கூடாது. கீழ்வீச்சு எண்ணிக்கையில் விழும். மேல்வீச்சு இரண்டு எண்ணிக்கைக்கு நடுவே வரும். ஓசை தேவையில்லாத இடத்திலும் கை தந்தியைத் தொடாமல் வெறுமனே போய்வர வேண்டும். தறியின் ஓடம்போல அது தன்பாட்டில் ஆடிக்கொண்டிருந்தால், எப்போது தொடுவது என்பது மட்டுமே மிச்சம்.

இரண்டாவது, கோட் மாறுவதற்கு முந்திய கடைசி மேல்வீச்சில் இடது கையைத் தூக்கிவிடலாம். வெறுந்தந்தி ஒலித்தாலும் கேட்பவருக்கு அது உறுத்தாது. ஆனால் அடுத்த ஒன்று பிந்தினால் உறுத்தும். சுரம் பிழைத்ததை மன்னிக்கும் காது தாளம் பிழைத்ததை மன்னிப்பதில்லை.

மூன்றாவதுதான் கடினம். தன்னுடைய கிற்றாரைவிடப் பக்கத்தில் இருப்பவருடையதைக் கூடுதலாகக் கேட்கவேண்டும். பக்கத்துக் கிற்றார் கேட்கவில்லையென்றால் நீ பலமாக வாசிக்கிறாய் என்று அர்த்தம். "எல்லாரும் வாசிக்கிறியள், ஒருத்தரும் கேக்கிறியளில்லை" என்பது ரீச்சரின் வழக்கமான குறை.

1994 பரிசளிப்பு விழா

எமது ஏழு பேரில் ஒருவர் எப்போதும் கடைசி வாங்கில் இருந்தார். எஃப் கோட் அவருக்குக் கடைசிவரை சரிவரவில்லை. சுட்டுவிரலால் ஆறு தந்தியையும் அழுத்த அவருடைய சிறிய கைக்கு இயலவில்லை. தனியாகப் பாட்டு வாசிக்க ஆசைப்படவும் இல்லை. கீழ்த்தொனித் தந்தியை ஒன்றிலும் மூன்றிலும் பெருவிரலால் தட்டிக்கொண்டு, மிச்சத்தை மெல்ல வீசுவார். அவ்வளவுதான். அவர் வாசிக்கிறார் என்பதையே நாம் பெரிதாகக் கவனித்ததில்லை.

1994 பரிசளிப்பு விழாவுக்கு எமக்கு ஏழு நிமிடம் தரப்பட்டது. மேடையில் கிற்றார் மூன்றுதான். யார் யார் வாசிப்பது என்று நாமே தீர்மானிக்கலாம் என்று ரீச்சர் விட்டுவிட்டார். நாம் கூடிப் பேசி, விரல் வேகமுள்ள மூவரைத் தெரிவுசெய்தோம். எமது கையால் எமது தாளத்தை மேடைக்கு வெளியே இருத்தினோம் என்று இப்போது சொல்லலாம். அப்போது "அவ சும்மாதானே வீசுறவ" என்று சொன்னோம். சொன்னவர் இக்கட்டுரையை எழுதுபவரே. அவர் அந்த மூவரில் ஒருவர்; குழுவிலேயே வேகம் கூட்டுகிறவரும் அவர்தான்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறோம். முதலாவது பாட்டு ஒத்திகையைவிடச் சற்று வேகமாகத் தொடங்கியது. பதற்றத்தில் நெஞ்சு படபடக்கும்போது எந்த வேகமும் மெதுவாகவே தோன்றும். ஆகவே இன்னும் விரைந்தோம். ஒருவர் விரைய மற்றவர் துரத்தினார். யாரையும் பிடித்து நிறுத்த ஆளில்லை. இரண்டாவது பாட்டின் நடுவில் மூவரும் மூன்று இடத்தில் இருந்தோம். பாடகிகள் நாலாவது இடத்தில் இருந்தார்கள். பாட்டு நின்றுபோயிற்று. மண்டபம் அன்போடு கை தட்டியது. அந்தக் கைதட்டல் இன்றும் காதில் சுடுகிறது.

ரீச்சர் ஏசவில்லை. "ஆர் இல்லையெண்டு இப்ப விளங்குதோ?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த சனிக்கிழமை ஆறு பேரும் சைக்கிளில் அவருடைய வீட்டுக்குப் போனோம். எரிபொருள் இல்லாமல் அரைக்கும் ஆலைகள் பல நின்றுபோயிருந்த காலம். முற்றத்தில் தாயும் தமக்கையும் அவருமாக ஒரே உரலில் மூன்று உலக்கை போட்டு மா இடித்துக்கொண்டிருந்தார்கள். நாம் வந்ததைக் கண்டும் கை நிற்கவில்லை. தாயின் உலக்கை எழும்பத் தமக்கையின் உலக்கை விழ, அது எழும்ப இவருடையது விழுந்தது. எண்ணிக்கை இல்லை, பாட்டில்லை. ஒருவர் உலக்கை விழும் சத்தம்தான் அடுத்தவருக்கு உத்தரவு.

மன்னிப்புக் கேட்கத்தான் போனோம். தாயார் "இருங்கோ பிள்ளையள்" என்று பனங்கட்டியோடு தேத்தண்ணி தந்தார். பேச்சு வரவில்லை. பிறகு எம்மில் ஒருவர் உலக்கையைக் கேட்டு வாங்கினார். மூன்றாவது போட்டிலேயே தமக்கையின் உலக்கையோடு மோதி முழங்கைவரை விறைத்துப்போயிற்று. "உன்ரை உலக்கையைப் பாக்காதை. என்ரை விழுறதைக் கேள்" என்றார் எமது தோழி. ரீச்சர் இரண்டு வருடமாகச் சொல்லிவந்ததும் அதுதான். அன்று பொழுதுபடும்வரை ஆறு பேரும் மாறி மாறி இடித்தோம். அவர்களுடைய மா அன்று கொஞ்சம் கரடாகத்தான் இருந்திருக்கும்.

திங்கட்கிழமை அவர் சங்கீத அறைக்கு வந்தார். அதன்பின் எமது குழுவில் மாறாத விதி ஒன்றிருந்தது: யார் மாறினாலும் மூன்று கிற்றாரில் ஒன்று அவருடையது.

இடப்பெயர்வு

1995 ஒக்ரோபர் 30 ஐ இம்மலரின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வலிகாமத்து மக்கள் இரவோடிரவாகத் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது நாமும் எமது குடும்பங்களோடு நடந்தோம். எம்மில் ஒருவர் புத்தகப் பைக்குப் பதிலாக ரீச்சருடைய கிற்றாரைச் சைக்கிள் கரியரில் சாக்கால் சுற்றிக் கட்டிக் கொண்டுவந்தார். தகப்பனிடம் அதற்காக வாங்கிய ஏச்சை இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

சாவகச்சேரிப் பக்கத்தில் இன்னொரு பாடசாலையின் கட்டடத்தில் பிற்பகல் வகுப்புகள் நடந்தன. எம்மில் ஐந்து பேர் அங்கே சந்தித்தோம். கிற்றார் ஒன்று, தந்தி ஐந்து. அகதிகளாகத் தங்கியிருந்தவர்களின் சிறுபிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பின்னேரங்களில் பாடினோம். கிற்றாரை அவரிடமே கொடுத்துவிட்டு நாம் கை தட்டினோம். ஐம்பது பிள்ளைகள் ஐம்பது வேகத்தில் தொடங்குவார்கள். அவர் பிள்ளைகளைத் துரத்தவுமில்லை, இழுக்கவுமில்லை. ஒன்றிலும் மூன்றிலும் அந்தத் தந்தியைத் தட்டிக்கொண்டேயிருப்பார். இரண்டு மூன்று சுற்றில் ஐம்பது பேரும் வந்து சேர்ந்துவிடுவார்கள். பயந்திருக்கும் பிள்ளைகளுக்கு, அடுத்து என்ன வரும் என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரு பொருள் அந்த நாட்களில் அதுவாக மட்டுமே இருந்திருக்கக்கூடும்.

1996 இல் நாம் பலர் யாழ்ப்பாணம் திரும்பினோம். அவருடைய குடும்பம் வன்னிக்குப் போயிற்று. சங்கீத அறையில் விட்டுப்போன இரண்டு கிற்றார்களும் இருக்கவில்லை. ஆறு பேருக்கு ஒரு கிற்றாரோடு 1998 வரை ஓட்டினோம். உயர்தரப் பரீட்சை வந்தது. அதோடு குழு முடிந்தது. அவரிடமிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. பிறகு வரவில்லை.

நாடியும் மணிக்கூடும்

மருத்துவம் படிக்கப் போனவருக்குத் தாளம் வேறு உருவத்தில் எதிர்ப்பட்டது. செக்கன் முள் உள்ள மணிக்கூடு இல்லாத காலத்தில் மருத்துவர்கள் நாடியை எப்படி அளந்தார்கள் என்று தேடியபோது, இசைக்கும் வைத்தியத்துக்கும் பழைய கொடுக்கல் வாங்கல் இருந்தது தெரியவந்தது. 1707 இல் ஜோன் புளோயர் என்ற ஆங்கிலேய மருத்துவர் நாடி பார்ப்பதற்கென்றே ஒரு நிமிட மணிக்கூட்டைச் செய்வித்தார். மறுதலையாக, 1752 இல் ஜெர்மனியப் புல்லாங்குழல் கலைஞர் குவான்ற்ஸ், இசையின் வேகத்தைக் கணிக்க மனிதருடைய நாடியையே அளவுகோலாகக் கொள்ளலாம் என்று எழுதினார். நிமிடத்துக்கு ஏறத்தாழ 80 துடிப்பு என்பது அவருடைய கணக்கு. 1815 இல் மெல்செல் மெற்றனோமுக்கு உரிமம் பெற்றபின் இசைக்கலைஞருக்கு நாடி தேவைப்படவில்லை.

நாடி நல்ல அளவுகோல் அல்ல என்பதற்கு 1994 இல் மேடையில் நின்ற நாமே சாட்சி. ஆனால் அந்த நாடியை உண்டாக்கும் இதயம் வேறொரு பாடம் சொல்கிறது. இதயத்துக்கு வேகம் கொடுக்கும் குடாச்சோணைக் கணுவை 1907 இல் கீத், பிளாக் என்ற இருவர் கண்டறிந்தனர். அது ஒரு தனிக் கலம் அன்று. ஆயிரக்கணக்கான கலங்களின் கூட்டம். ஒவ்வொரு கலமும் தனக்கென ஒரு வேகத்தில் துடிக்கக்கூடியது. ஆய்வுகூடத் தட்டில் இதயக் கலங்களைத் தனித்தனியே வளர்த்தால் ஒவ்வொன்றும் தன்பாட்டில் துடிக்கும். ஒன்றையொன்று தொட்டதும் சிறிது நேரத்தில் சேர்ந்து துடிக்கும். கட்டளையிடும் அரசன் அங்கே இல்லை. அயலவரை உணர்ந்து தன்னைச் சற்றுத் திருத்திக்கொள்வதுதான் நடக்கிறது. இதனைப் படித்த இரவில் விடுதி அறையில் இருந்தவருக்கு உரலும் உலக்கையும்தான் நினைவுக்கு வந்தன.

மணிக்கூடுகளும் அப்படிச் செய்யும். 1665 இல் ஒல்லாந்து விஞ்ஞானி ஹைகன்ஸ் நோயுற்றுப் படுத்திருந்தபோது, ஒரே சட்டத்தில் தொங்கிய இரண்டு ஊசல் மணிக்கூடுகள் ஒன்றோடொன்று ஒத்து ஆடுவதைக் கண்டார். குழப்பிவிட்டாலும் அரை மணித்தியாலத்தில் மீண்டும் ஒத்துக்கொண்டன. தாங்கும் சட்டம் ஒன்றாக இருந்ததே காரணம். ஒன்றின் ஆட்டம் அதனூடாக மற்றதைச் சென்றடைந்தது.

இந்தப் பாடம் தொழிலிலும் உதவியது. நின்றுபோன இதயத்தை மீட்க நெஞ்சை அழுத்தும்போது நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்தவேண்டும். புதிதாக வருகிறவர்கள் பதற்றத்தில் விரைவார்கள். இரண்டு நிமிடத்தில் களைத்துத் தளர்வார்கள். அப்போது கை மாற வேண்டும். மாறும்போது தாளம் விடுபடக்கூடாது. ஒருவர் சத்தமாக எண்ண, அடுத்தவர் அதில் வந்து ஏறவேண்டும். பயிற்சி மருத்துவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கும்போது "அடுத்த ஒண்டிலை ஏறுங்கோ" என்று வாய்தவறி வந்துவிடுவதுண்டு. அவர்கள் சிரிப்பார்கள், ஆனால் ஏறிவிடுவார்கள்.

கடல் கடந்த ஒத்திகை

2002 இல் ஏ9 வீதி திறந்தபோது எம்மில் இருவர் கிளிநொச்சிவரை போய் விசாரித்தும் தோழியைக் காணமுடியவில்லை. யுத்தம் முடிந்து சில வருடங்களின் பின் ஒரு மருத்துவ முகாமில் நோயாளர் வரிசையில் நின்ற பெண் ஒருவர், மேசையில் இருந்த எமது மருத்துவரை உற்றுப் பார்த்து, "இப்பவும் வேகம் கூட்டுறனியோ?" என்று கேட்டார். அவருக்கு எவை எவை போய்விட்டன என்பதை இங்கே எழுத அவர் விரும்பவில்லை. தையல் வேலை செய்கிறார்; இரண்டு பெண்பிள்ளைகள்.

2020 இல் கொரோனா முடக்கத்தின்போது நாம் ஏழு பேரும் சூமில் சந்தித்தோம். ரொறன்ரோவில் இருவர், லண்டனில் ஒருவர், மெல்பேர்ணில் ஒருவர், இங்கே மூவர். சேர்ந்து பாடசாலைக் கீதம் வாசிப்போமென்று தொடங்கினோம். ஒரு வரிகூடப் போகவில்லை. ஒவ்வொருவரும் மற்றவருக்காகக் காத்திருக்க, பாட்டு மெதுவாகி மெதுவாகி நின்றது.

இதற்கும் காரணம் உண்டு. ஒலி காற்றில் செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்லும். பத்து மீற்றர் தள்ளி இருப்பவரின் ஓசை எம்மை அடைய ஏறத்தாழ 30 மில்லிசெக்கன் ஆகும். சேர்ந்து வாசிப்பவர்கள் தாங்கக்கூடிய பிந்தல் ஏறக்குறைய அவ்வளவுதான். கண்டம் விட்டுக் கண்டம் போகும் இணையவழி ஓசை அதைப்போல் பல மடங்கு பிந்துகிறது. பிந்திக் கேட்பதற்கு ஏற்பத் தன்னை நிறுத்துகிறவர், மற்றவருக்கு இன்னும் பிந்திக் கேட்கிறார். எமது பழைய மூன்றாவது பழக்கம், அதாவது மற்றவரைக் கேட்பது, இங்கே எம்மைக் கவிழ்த்துவிட்டது. வேகம் கூட்டுகிறவர்கூட அன்று மெதுவானார் என்று கேலி செய்தார்கள்.

கடைசியில் ஒரு வழி கண்டோம். தோழி ஒன்றையும் மூன்றையும் மட்டும் தனியே வாசித்துக் கைபேசியில் பதிந்து அனுப்பினார். மற்றவர்கள் அதைக் கேட்டுக்கொண்டு அவரவர் வீட்டில் வாசித்துப் பதிந்தார்கள். ரொறன்ரோவில் இருக்கும் ஒருவருடைய மகன் எல்லாவற்றையும் சேர்த்தான். அந்தப் பதிவை எமது வகுப்புக் குழுவில் கேட்டவர்கள் பலர். அதன் அடியில் கேட்கும் அந்தக் கீழ்த்தொனித் தந்தி யாருடையது என்று எவரும் கேட்கவில்லை. நல்ல தாளத்தின் இயல்பு அது. அதனால்தான் பழைய மலர்களிலும் அது இல்லை.

நிறைவாக

இந்த மலருக்காக அவருடைய பெயரைப் போட அனுமதி கேட்டோம். "பேர் வேண்டாம். குழு எண்டு போடுங்கோ" என்றார். ஆகவே குழு என்றே போடுகிறோம். ஆனால் 1994 இல் அவரை மேடைக்கு வெளியே இருத்தியது நாம் என்பதையும், பாட்டு நின்றது அதனால்தான் என்பதையும், அதன்பின் தாளம் என்றால் என்னவென்று எமக்குக் கற்பித்தது அவரும் அவருடைய தாயாருடைய உரலும் என்பதையும் பாடசாலை வரலாற்றில் பதிந்துவைக்கிறோம்.

சங்கீத அறையில் இன்று புதிய கிற்றார்கள் உள்ளன. கைபேசியில் மெற்றனோமும் உண்டு. தங்கைமார் அதை நன்றாகப் பயன்படுத்தட்டும். அது பிழையை நேர்மையாகக் காட்டும். ஆனால் அது உங்களைக் கேட்காது. நீங்கள் தடுமாறினால் அதற்குத் தெரியாது. கிழமைக்கு ஒரு தடவையாவது மூவர் நால்வராக வட்டமாக இருந்து வாசியுங்கள். கிற்றாரின் தொகையைவிட ஆட்களின் தொகை கூடுதலாக இருந்தால் இன்னும் நல்லது.

நூற்றாண்டு விழாவுக்கு ஊர் வரும் பழைய மாணவிகள் மாலை நிகழ்ச்சிக்கு முன் சங்கீத அறைக்கு வாருங்கள். நாம் ஏழு பேரும் அங்கே இருப்போம். கிற்றார் தெரியாதவர்களுக்கு வாங்கு இருக்கிறது, தட்டலாம். பிந்தி வருகிறவர்கள் யோசிக்க வேண்டாம். அடுத்த ஒன்றில் ஏறிக்கொள்ளலாம்.